பார்த்துக்கொள்வதும் ஒரு படிப்பு

முதியோர் பணி என்பது இரண்டு வேலைகளைச் சேர்த்தது. ஒன்று உடம்புக்குச் செய்வது: குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, எழுப்பி உட்கார வைப்பது, வேளைக்கு மருந்து கொடுப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது. இன்னொன்று வாழ்க்கைக்குச் செய்வது: ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடுவது, ஆஸ்பத்திரியில் கூட நிற்பது, பிள்ளைகளோடு பேசுவது, சொத்து கைமாறிச் சோறு நின்றுபோனால் உரிய அலுவலரிடம் கொண்டுபோவது. முதல் வேலையைச் செய்பவரைக் கோவைப் பக்கத்தில் ‘ஹோம் நர்ஸ்’ என்கிறார்கள்; அப்படி அழைக்கப்படுகிறவர்களில் பலர் செவிலியர் படிப்பின் வாசலை மிதித்தவர்கள் இல்லை. இரண்டாவது வேலை சமூகப்பணியாளருடையது. இரண்டுக்கும் முறையான பயிற்சி உண்டு. ஆனால், மனசு நல்லதாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அதனால் பயிற்சி பெற்ற ஆள்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு, பயிற்சியைத் தேடிப் போகிறவர்கள் அதைவிடக் குறைவு.

கோவை மாவட்டத்தின் காரமடை வட்டாரத்தில் இந்தத் தேவை எப்படி வளர்ந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாழையும் கறிவேப்பிலையும் தென்னையும் விளையும் தோட்டங்களில், ஊரைவிட்டுத் தள்ளி, பக்கத்து வீட்டுக்கே நாலு வயல் தாண்டிப் போக வேண்டிய இடங்களில் தோட்டத்துச் சாளைகள் எனப்படும் வீடுகள் இருக்கின்றன. முன்பு மூன்று தலைமுறை இருந்த வீட்டில் இப்போது பல இடங்களில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூருவிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். மாசி மகத்துக்கு அரங்கநாதர் தேர் நகரும்போது வந்து போகிறார்கள். இருவரில் ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவரால் தூக்க முடியாது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே வாசலைத் தாண்டி இருப்பது இன்னும் பல வீடுகளின் அமைப்பு. இரவு இரண்டு மணிக்கு இருட்டில், ஈரமான படிக்கல்லில் கால் வைக்கும் முதியவருக்கு அந்த இருபது அடி தூரமே பெரிய ஆபத்து.

கணக்கும் இதையே சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, அப்போது நாடு முழுவதற்குமான அளவு 8.6. அரசின் மதிப்பீட்டின்படி 2031-ல் தமிழ்நாட்டில் இது 18.2 விழுக்காட்டை எட்டும். கேரளத்துக்கு அடுத்து முதியோர் பங்கு அதிகமுள்ள பெரிய மாநிலம் தமிழ்நாடு. பிள்ளைப்பேறு முன்கூட்டியே குறைந்த கொங்குப் பகுதியில், ஒரே மகனோ ஒரே மகளோ இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வீடுகள் ஏராளம். அந்தச் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தோளில்தான் விழுகிறது. அதற்குக் கூலியும் இல்லை, விடுப்பும் இல்லை.

முதுமை மருத்துவம் தனிப் படிப்பாக இந்தியாவில் வேர்விட்டது தமிழ்நாட்டில்தான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் முதுமை மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது, நாட்டில் அதுவே முதலாவது. 2012-ல் நடராஜனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டத்தின் தொடக்க கால மண்டல மையங்களில் ஒன்று சென்னை மருத்துவக் கல்லூரி. 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் திறக்கப்பட்டது. மருத்துவர் பக்கம் இவ்வளவு நடந்திருக்கிறது. ஆனால் மருத்துவர் ஒரு முதியவரைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பவர் கற்றவரா, கல்லாதவரா என்பதைப் பொறுத்தே அந்த உடம்பின் நிலை அமைகிறது.

அந்தப் பக்கத்து ஆளுக்கான பயிற்சியை 2000-ஆம் ஆண்டில் ஒன்றிய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தொடங்கியது. பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பட்டயம், ஆறு மாதச் சான்றிதழ், படுக்கையருகே வேலை செய்வோருக்கு மூன்று மாதப் பயிற்சி என்று அது வகுக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து பல மாநிலங்களில் நடத்தப்பட்டது. 2021 முதல் ‘அடல் வயோ அப்யுதய் யோஜனா’ என்ற குடைத் திட்டத்தில் முதியோர் கவனிப்பாளர் பயிற்சியும் ஓர் அங்கம். திறன் மேம்பாட்டுத் துறை வழியாகப் பத்தாம் வகுப்பு அளவில் படித்தவர்களுக்குப் பொது உதவியாளர், வீட்டு நல உதவியாளர் போன்ற குறுகிய காலப் பாடங்கள் இருக்கின்றன. சமூகப்பணிக்குப் படிக்க விரும்புவோர் வெளியூர் போக வேண்டியதில்லை. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும், காரமடைக்குத் தெற்கே அதே மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயக் கல்லூரியிலும் சமூகப்பணி முதுகலை உண்டு. அந்தப் படிப்பில் வாரத்தில் சில நாள் வகுப்பறையை விட்டுக் களத்தில் நிற்க வேண்டும். 1957-ல் தொடங்கப்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக, மனித மேம்பாட்டைத் தனித் துறையாகவே கற்பிக்கிறது.

நல்ல பயிற்சி வகுப்பின் முதல் நாள் பெரும்பாலும் பாடத்தில் தொடங்காது. பயிற்சிக்கு வந்தவரின் மூக்குக் கண்ணாடியில் எண்ணெய் தடவுவார்கள். காதில் பஞ்சு அடைப்பார்கள். செருப்புக்குள் நாலு கொண்டைக்கடலையைப் போடுவார்கள். விரல்களில் பிளாஸ்திரி சுற்றி, மாத்திரை அட்டையைக் கொடுத்து, காலை மாத்திரையை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்வார்கள். பிறகு எழுந்து கதவு வரை நடந்து வரச் சொல்வார்கள். இருபது வயதுப் பெண் தடுமாறுகிறாள், மாத்திரை கீழே விழுகிறது, பின்னாலிருந்து ஒருவர் “சீக்கிரம், சீக்கிரம்” என்கிறார். அந்த ஒரு சொல் எவ்வளவு வலிக்கிறது என்பது அப்போது தெரிகிறது. அடுத்து, ஒருவர் படுத்துக்கொள்ள இன்னொருவர் கரண்டியால் ஊட்டுகிறார். வாய் திறக்கும் முன்னே கரண்டி வந்து இடித்தால் எப்படி இருக்கும் என்பதை அன்று அனுபவித்தவர் பின்னால் மறக்க மாட்டார்.

உடம்பு சார்ந்த பாடங்களில் முதலாவது தூக்குவது. பயிற்சி இல்லாதவர் கக்கத்தில் கைகொடுத்து இழுப்பார். முதியவரின் தோள்மூட்டு விலகவும், இழுப்பவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளவும் அதுவே வழி. முறை வேறு. முதலில் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அந்த எடையே உடம்பை மேலே கொண்டுவரும்படி உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் முதியோருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நிற்க வைக்கும்போது தூக்குபவர் தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழ வேண்டும். பக்கவாதம் வந்தவரை நாற்காலிக்கு மாற்றுவதானால், நாற்காலி அவருடைய பலமான பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது பலமான கை முதலில். சின்ன விஷயம்தான், தெரியாதவர் கையில் தினமும் இரண்டு முறை அது வேதனை.

படுக்கைப் புண் தனிப் பாடம். அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அடிப்படை விதி. பிட்டத்து எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்கள் சிவந்த இடத்தைத் தேடச் சொல்கின்றன. கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் தொட்டுப் பார்த்து, மற்ற இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று அறியக் கற்றுத்தர வேண்டும். அப்படி மாறிய இடத்தை அக்கறையோடு எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. உள்ளே நசுங்கிய திசுவை அது மேலும் கெடுக்கும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்கார வைப்பதும் அப்படித்தான். வளையத்தின் விளிம்பு ரத்த ஓட்டத்தை அழுத்துகிறது. இரண்டுமே அன்பினால் செய்யப்படுபவை. ஆகவேதான் அன்போடு பயிற்சியும் வேண்டியிருக்கிறது.

உணவு ஊட்டும்போது நேராக உட்கார வைத்து, தாடை சற்றே தாழ்ந்திருக்க, முந்தைய கவளம் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குத் தண்ணீர்தான் மிகவும் ஆபத்து. நீர்த்தது எதுவும் வேகமாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூழ் பதத்தில் இருப்பது பாதுகாப்பு. கம்மங்கூழும் ராகிக் கஞ்சியும் பழகிய ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பது ஆகியவை எச்சரிக்கைகள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது.

முதுமையில் நோய் தன் வழக்கமான முகத்தோடு வருவதில்லை. நிமோனியா காய்ச்சல் இல்லாமல் வரலாம், மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், “வயசாயிருச்சு, மூளை குழம்பிருச்சு” என்று விட்டுவிடுவார்கள். அது சிறுநீர்ப் பாதையில் தொற்றாகவோ, சோடியம் குறைந்ததாகவோ, சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாததாகவோ இருக்கலாம். சிகிச்சை கிடைத்தால் சரியாகக்கூடியது அது. மெதுவாக வரும் மறதிக்கும் திடீரென்று வரும் குழப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கவனிப்பாளர் கற்றிருந்தாலே, பல உயிர்கள் உரிய நேரத்தில் மருத்துவமனை சேரும்.

மறதி நோய்ப் பாடம்தான் மிகக் கடினமானது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. காரமடைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்நோய்க்கு ஒரு சாயல் உண்டு. வாழ்நாளெல்லாம் இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டவர், எண்பது வயதில் நடுராத்திரி எழுந்து, “கரண்டு வந்துருச்சு, தண்ணி கட்டோணும்” என்று கதவைத் திறக்கப் பார்க்கிறார். தோட்டத்தை விற்றுப் பத்து வருடமாகியிருக்கும். பழகாதவர் “தோட்டமே இல்லீங்களே, போய்ப் படுங்க” என்பார். முதியவருக்கு அது அப்போதுதான் கேள்விப்படும் இழப்பு. கோபம் வரும், கை ஓங்குவார், கட்டிலில் கட்டிப்போடும் அளவுக்குப் போகும். பழகியவர் கேட்பது வேறு: “வாழைக்குங்களா அப்பாரு, கறிவேப்பிலைக்குங்களா?” அவர் பதில் சொல்லத் தொடங்குவார். கூடவே வாசல் வரை நடந்து, எந்த வாய்க்கால், எந்த மடை என்று பேசவிட்டு, ஒரு டம்ளர் சூடாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். சொல்லும் செய்தி உண்மையா என்று வாதாடாமல், அதற்குப் பின்னாலிருக்கும் கவலைக்குப் பதில் தருவதுதான் இந்தப் பாடத்தின் சாரம். முதியவர் என்ன தொழில் செய்தார், எதை விரும்பினார், யாரை இழந்தார் என்ற வாழ்க்கைக் குறிப்பை முதல் வாரத்திலேயே எழுதி வைக்கப் பயிற்சியில் சொல்லித்தருவது அதற்காகத்தான்.

விளிப்பதும் பயிற்சியில் சேரும். அப்பாரு, அப்புச்சி, ஆத்தா, அம்மிச்சி என்று கொங்குப் பேச்சில் உறவுமுறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் தன்னை ‘சார்’ என்றே அழைக்க விரும்பலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையிடம் பேசுவதுபோல் மழலைக் குரலில் பேசுவதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதும் கூடாது. குளிப்பாட்டும்போது ஒரு துண்டால் மூடியபடி பகுதி பகுதியாகக் கழுவ வேண்டும். உடம்பு தளர்ந்தவருக்கும் கூச்சம் தளர்வதில்லை.

இந்த வேலையைச் செய்பவர் படும்பாட்டையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். மலம் அள்ளுவதைத் தாழ்ந்த வேலையாகப் பார்க்கும் பழக்கம் சாதியோடு பின்னிக் கிடக்கிறது. ராத்திரி முழுவதும் முதியவரைத் தொட்டுத் தூக்குபவருக்கு அதே வீட்டில் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கிற கொடுமை இல்லாமல் போகவில்லை. வேலை நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, உறங்க இடம், எது தன் வேலை, எது இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளக் கற்றுத்தருவது, தூக்கக் கற்றுத்தருவதைப் போலவே முக்கியம். வடமாநிலங்களிலிருந்து வந்து பணிபுரியும் பெண்களுக்கு மொழிப் பாடமும் வேண்டும். “மேலுக்குச் சொகமில்லை”, “நோவுது”, “மசமசன்னு இருக்குது” என்று முதியவர் சொல்வது புரியாவிட்டால் மற்றப் பயிற்சி எதுவும் பயன்படாது.

சமூகப்பணியாளரின் பாடம் சட்டத்திலும் விண்ணப்பத்திலும் இருக்கிறது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி, பிள்ளைகள் பார்க்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட இச்சட்டம் இடம் தருகிறது. மனு பொதுவாக 90 நாளுக்குள் முடிக்கப்பட வேண்டும். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிதாகும். நிலத்தைத் தான செட்டில்மென்ட் எழுதும் வழக்கம் பரவலாக உள்ள ஊர்களில், கையெழுத்துக்கு முன்பே இதைச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது, கையெழுத்துக்குப் பின் பத்து வழக்கறிஞர் இருப்பதைவிட மேல்.

கோவை மில்களில் உழைத்து ஓய்ந்தவர்களின் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் இன்னொரு களம். 2014 செப்டம்பரில் அதன் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பெற ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நூலும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. முகத்தைக் காட்டிப் பதிவு செய்யவும் வழி உண்டு என்று அறிந்த பணியாளர் ஒருவர் உடன் போனால் அந்தப் பணம் நிற்காது. மாநில அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023-ல் 1,200 ரூபாயானது. அதற்கும் எழுதிப் போட, தொடர்ந்து கேட்க ஒருவர் வேண்டும். மனு எழுதுவதும், அலுவலகத்தில் முதியவரைப் பேசவிட்டுத் தான் பின்னால் நிற்பதும் களப்பணியில்தான் பழக்கமாகும்.

வீடுதேடிச் செல்லும் பணிக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்துகளையும், இயன்முறைச் சிகிச்சையையும், நோய்த்தணிப்புச் செவிலியரையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் அதன் முதுகெலும்பு. அதே பெண்களுக்கு முதியோர் கவனிப்பில் மேல்பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் கொடுத்தால், கிராமங்களில் புதிதாக ஆள் தேட வேண்டிய அவசியம் பெரிதும் குறையும்.

ஜப்பான் இந்தப் பாதையில் முன்னே போன நாடு. அங்கே 1987-லேயே கவனிப்பாளர் தகுதியைச் சட்டமாக்கினார்கள். 2000-ல் நீண்டகாலக் கவனிப்புக் காப்பீடு வந்தது. நுழைவு நிலைப் பயிற்சி 130 மணி நேரம். அதற்கு மேல் படிப்படியாக அரசுத் தேர்வு வரை போகலாம். அனுபவம் ஏற ஏறத் தகுதியும் ஏறும் ஏணி ஒன்று அங்கே இருக்கிறது. இங்கே பத்து வருடம் வேலை செய்த பெண்ணும் நேற்று சேர்ந்தவரும் ஒரே கூலிக்கு நிற்கிறார்கள். பயிற்சிக்கு ஆள் வராததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

வீட்டாருக்கும் பயிற்சி வேண்டும். மருத்துவமனையிலிருந்து முதியவரை அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி, புரட்டுவது, ஊட்டுவது, மூக்குக்குழாயையும் சிறுநீர்க்குழாயையும் சுத்தமாக வைத்திருப்பது ஆகியவற்றைச் செய்து காட்டி, வீட்டாரையும் செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டார் தயங்காமல் இதைக் கேட்கலாம். முதியோருக்கான உதவிக்கும் வழிகாட்டலுக்கும் 14567 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. முதியவரின் கைபேசியில் அதைப் பதிந்து வைக்கலாம். ஆள் வைக்கும்போது “மாசம் எவ்வளவுங்க?” என்று கேட்பதற்கு முன்னால், “எங்க பழகுனீங்க, என்னென்ன பழகுனீங்க?” என்று கேட்க வேண்டும். பழகாதவர் என்றால் அவரைப் பழக அனுப்பி, அந்த நாள்களுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.